காவலும் கைரேகையும்: மதுரைச் சீமையில் ஒரு குணப்பழியின் வரலாறு

சில சாதியார் பிறவியிலேயே திருடர்கள் என்ற எண்ணம் மதுரைச் சீமையில் 33 ஆண்டுகள் சட்டமாக நின்றது. 1914இல் நகருக்கு மேற்கே சமணமலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவியது. 1918இல் திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கும் வரை, இந்தச் சாதியில் பிறந்த ஆண் ஒரு குற்றமும் செய்யாதவனாக இருந்தாலும் போலீஸ் பதிவேட்டில் தன் விரலைப் பதிக்க வேண்டியிருந்தது. அதனாலேயே மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள்.

ஒருவருடைய குணத்தில் உள்ள இருண்ட கூறுகளுக்கும் அவருடைய சமூக, அரசியல் பார்வைக்கும் என்ன தொடர்பு என்று இன்றைய உளவியல் ஆராய்கிறது. மதுரையின் அனுபவம் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்றை வைக்கச் சொல்கிறது: யாருக்கு இருண்ட குணம் என்று முடிவு செய்தவர்கள் யார், அந்த முடிவுக்கு அவர்களை இட்டுச் சென்ற அரசியல் பார்வை எது? இதற்கு விடை தேட, காவல் என்ற பழைய முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் இந்தச் சமவெளியில் பயிரையும் மாட்டையும் வீட்டையும் பாதுகாத்தவர்கள் காவல்காரர்கள். ஓர் ஊருக்குள் நடந்தது ஸ்தலக் காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பார்த்தது தேசக் காவல். அறுவடைக் களத்திலேயே காவல்காரருக்கு உரிய தானியம் அளந்து கொடுக்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர் ஏற்ற பொறுப்பு கடுமையானது. களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் இழப்பைத் தானே ஈடுகட்ட வேண்டும். களவு போன மாட்டைத் துப்புத் துலக்கி மீட்டுத் தருபவருக்குத் துப்புக்கூலி என்று தனியாக ஒரு தொகை உண்டு. பிரமலைக் கள்ளர்களின் எட்டு நாடும் இருபத்து நான்கு உபகிராமமும் சேர்ந்த அமைப்பில் இந்தக் காவல் உரிமைகள் பரம்பரை பரம்பரையாகப் பங்கிடப்பட்டிருந்தன. திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) தங்கள் முன்னோரான திருமலைப் பின்னத் தேவருக்கு அதிகாரமும் மரியாதையும் தந்தார் என்று அந்த நாட்டார் சொல்லி வருகிறார்கள். மதுரை நகரத் தெருக்களின் இராக்காவலும் பெருமளவு கீழக்குயில்குடிக்காரர்களிடமே இருந்தது.

இந்த முறையை மெச்சிப் பேசுவது மட்டும் நேர்மையாகாது. காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடுகள் காணாமல் போயின, வைக்கோற்போர்கள் எரிந்தன. துப்புக்கூலி வாங்கியவரும் மாட்டை ஓட்டியவரும் சில நேரம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எளிய குடியானவருக்குக் காவல் பாதுகாப்பாகவும் இருந்தது, மிரட்டலாகவும் இருந்தது. ஆனாலும் அது ஒரு நிறுவனம். அதற்கு விதி இருந்தது, எல்லை இருந்தது, கேள்வி கேட்கப் பஞ்சாயத்து இருந்தது. பின்னாளில் வந்தவர்கள் அதைக் குணக்கேடு என்று மட்டும் எழுதியபோது, விதியும் பொறுப்பும் கொண்ட அந்தப் பாதி கணக்கிலிருந்து விடுபட்டுப்போயிற்று.

ஆங்கிலேயர் இந்த மக்களை முதலில் சந்தித்தது போர்க்களத்தில். 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, திருமோகூர் அருகே கோயில்குடியில் கோயிலைத் தாக்கி அங்கிருந்த சிலைகளை எடுத்துச் சென்றது. அந்த ஆண்டு மே மாதம் படை நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியபோது கள்ளர்கள் மறித்துத் தாக்கினார்கள், சிலைகளை மீட்டார்கள். கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவு செய்திருக்கிறார். கோயில் பொருளை எடுத்துச் சென்றவர்கள் படைவீரர்கள் என்றும், அதை மீட்டவர்கள் கொள்ளையர் என்றும் பெயர் பெற்றது அந்தப் பதிவுகளின் வழியாகத்தான்.

1801இல், அப்போது கர்நாடகம் (Carnatic) எனப்பட்ட இந்தப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆயுதம் தாங்கும் உரிமையும் காவல் காக்கும் உரிமையும் அரசுக்கு மட்டுமே உரியவை என்று புதிய ஆட்சி கருதியது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஊர்க்காவலைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் ஒப்படைத்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் ஒரே போலீஸ் படையை உருவாக்கியது. காவல் கூலிக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் பரந்த மானாவாரிக் காட்டில் சிதறிக் கிடந்த ஊர்களுக்குப் போலீஸ் போதவில்லை. எனவே காவல் மறையவில்லை; அரசின் கண்ணுக்கு அது குற்றமாகிவிட்டது, அவ்வளவுதான். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு நகரம் வெளிப்புறமாக விரிந்தது. வணிகர் வீடுகளுக்குக் காவல்காரர்கள் முன்னைவிட அதிகம் தேவைப்பட்டார்கள். சட்டப்படி இல்லாத ஒருவருக்கு ஊரே மாதந்தோறும் கூலி கொடுத்தது.

இந்த நிலையை விளக்கத் தேவைப்பட்ட சொற்களை நூல்கள் தந்தன. ஜே. எச். நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடு 1868இல் வந்தது. போலீஸ் அதிகாரி முல்லாலி சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பினரைப் பற்றிய குறிப்புகளை 1892இல் தொகுத்தார். டபிள்யூ. பிரான்சிஸின் மதுரை கெஜட்டியர் 1906இலும், எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து சாதிகளைப் பற்றி எழுதிய ஏழு தொகுதிகள் 1909இலும் வெளிவந்தன. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாண்டார். ஒரு வழக்கில் ஒருவர் செய்தது அடுத்த நூலில் அந்தச் சாதியின் இயல்பாக உருமாறியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான தர்ஸ்டன் மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து சாதிகளை வகைப்படுத்தியவர்; போலீஸ்காரர்களுக்கும் உடல் அளவை முறையைக் கற்பித்தார். இத்தாலியில் சேசரே லொம்பிரோசோ பிறவிக் குற்றவாளி என்ற கொள்கையை 1876இல் நூலாக வெளியிட்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் அந்தக் கொள்கை தனி ஆளின் நெற்றியிலும் தாடையிலும் குற்றத்தைத் தேடியது. இந்தியாவில் அது தேட வேண்டிய அவசியமே எழவில்லை. வழிப்பறிக் கொலைக் கூட்டத்தார் எனப்பட்ட தக்கர்களை 1830களில் ஒடுக்கிய காலத்திலிருந்தே, தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன் ஆவான் என்ற வாதம் அதிகாரிகளிடையே வேரூன்றியிருந்தது. 1871இல் வட இந்தியாவுக்கு மட்டுமாக வந்த முதல் குற்றப் பரம்பரைச் சட்டம் அந்த வாதத்தின் மேல்தான் எழுந்தது.

பழியை ஆட்சியாளர் மேல் மட்டும் சுமத்திவிடவும் முடியாது. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் தொடங்கிக் கள்ளர் காவலுக்கு எதிராக ஒரு பெரிய கிளர்ச்சி பரவியது. குடியானவர்கள் ஒன்றுகூடி, இனிக் கள்ளர்களைக் காவலுக்கு வைப்பதில்லை என்று உறுதி எடுத்தார்கள். களவு போனால் இழப்பை ஈடுகட்டப் பொது நிதி திரட்டினார்கள். அந்த நிதியின் பெயராலேயே அது பண்டு இயக்கம் எனப்பட்டது. இடையர் சாதியைச் சேர்ந்த அம்மையப்பக் கோன் அதன் முன்னணியில் நின்றார். நெடுங்காலம் காவல் கூலி கொடுத்து நொந்தவர்களின் நியாயமான கோபமும் அதில் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் கூலி வாங்கிய காவல்காரரோடு நிற்கவில்லை. பல ஊர்களிலிருந்து கள்ளர் குடும்பங்கள் வீடும் நிலமும் விட்டு விரட்டப்பட்டன. அந்த ஊர்களில் உழுது பிழைத்த கள்ளர்களும் அவர்களில் இருந்தார்கள்.

குணம் பிறப்பில் இருக்கிறது என்ற வாதத்துக்கு எதிரான சான்று அதே காலத்தில், அதே மாவட்டத்திலேயே, தண்ணீர் வடிவில் வந்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திருப்பப்பட்டது. கால்வாய் மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வரை சென்றது. மேலூர்க் கள்ளர்களும் முந்தைய நூற்றாண்டில் கம்பெனியோடு கடுமையாக மோதியவர்கள்தான். வயலுக்கு நீர் வந்ததும் அங்கே நெல் விளைந்தது. மக்கள் உழவில் நிலைத்தார்கள். பெரியாற்று நீர் கொண்டுவந்த மாற்றத்தை அரசின் குறிப்புகளே ஏற்றுக்கொண்டன. உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலம் மழையையே நம்பிக் கிடந்தது. வைகை நீரை அங்கே கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக அந்த ஊர்கள் விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் போராடின. இரு வட்டாரத்துக் குற்றங்களின் வேறுபாட்டுக்கு நிலத்தின் ஈரத்திலேயே பெரும் விளக்கம் இருந்தது. அதைத் தன் கையாலேயே எழுதிய நிர்வாகம், மறுபக்கம் திரும்பி இரத்தத்தில் விளக்கம் தேடியது. இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான். விடை தெரிந்திருந்தும் சட்டம் வந்தது.

1911ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் உட்படப் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் விரித்தது. மாகாண அரசு ஒரு சாதியையோ கூட்டத்தையோ அறிவித்தால் போதும். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. மாவட்ட மாஜிஸ்ட்ரேட் பதிவேடு திறப்பார். உரியவர்கள் வந்து பெயரையும் ரேகையையும் பதிய வேண்டும். பதிவானவர்கள் குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ ஆஜராக வேண்டும் என்றும், ஊர் விட்டு ஊர் போனால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணையிடலாம். நடைமுறையில் அது இரவுதோறும் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுப்பதாக முடிந்தது. வெளியூர்ச் சந்தைக்கோ உறவினர் வீட்டுச் சாவுக்கோ போகவும் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் சிறை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் சட்டம் இடம் தந்தது. இராத்திரி முழுவதும் சாவடியில் படுத்திருப்பவன் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது. கிணற்றடியில் காவலிருக்க முடியாது. நல்ல குடியானவனாக்கப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட சட்டம் உழவையே தடுத்தது.

இந்தச் சட்டத்துக்கு மிகக் கூர்மையான எதிர்ப்பு பெருங்காமநல்லூரில் எழுந்தது. சேடபட்டிக்கு அருகில் உள்ள அந்த ஊரார், தாங்கள் உழுது பிழைப்பவர்கள், ரேகை பதிய மாட்டோம் என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ஆயுதப் போலீஸ் ஊரைச் சூழ்ந்தது. கம்பும் அரிவாளுமாக நின்ற மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் இறந்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடிய மாயக்காளும் அவர்களில் ஒருவர் என்று ஊரார் சொல்கிறார்கள். கைதானவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் செல்லப்பட்டார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலை முடிந்து ஓர் ஆண்டு கூட ஆகவில்லை. பஞ்சாபில் நடந்ததற்கு விசாரணைக் குழு அமைந்தது, நாடே கொதித்தது. பெருங்காமநல்லூர் மதுரைக்கு வெளியே வெகுகாலம் பேசப்படவே இல்லை. செத்தவர்கள் முன்கூட்டியே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டிருந்ததே அதற்குக் காரணம்.

அந்த மக்களுக்காக வழக்காட வந்தவர் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப். 1918இலேயே மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்க உதவியவர். ரேகைச் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடினார். கோட்டில் ரோசாப்பூ செருகி வருவார் என்பதால் ரோசாப்பூ துரை என்று அந்த வட்டாரம் அவரை அழைத்தது. பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. 1938இல் மதுரையிலேயே காலமானார்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசு கள்ளர் சீரமைப்பு என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஊர்தோறும் பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன், ஆலையிலும் தோட்டத்திலும் வேலை என்று அது விரிந்தது. பஞ்சாயத்தாரே தங்கள் ஊராருக்குப் பொறுப்பேற்க வைக்கப்பட்டார்கள்; பழைய காவலின் பொறுப்புணர்வைத்தான் அரசு புதுப் பெயரில் திரும்ப வாங்கிக்கொண்டது. கண்காணிப்பும் கருணையும் ஒரே அதிகாரியின் கையில் இருந்தன. ஆனாலும் இந்தத் திட்டத்தில் விளைந்த பள்ளிகள் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவு தந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நூற்றுக்கணக்கில் இயங்குகின்றன.

சட்டத்தை நீக்கக் கோரும் போராட்டத்தை 1930களில் முத்துராமலிங்கத் தேவர் மாகாண அளவுக்குக் கொண்டுபோனார். இராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் அதே சட்டம் ஏவப்பட்டிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31இல் இந்திய ஒன்றியம் முழுவதிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் பிறகும் பட்டியல் பெயராகப் பழைய முத்திரை தொடர்ந்தது. இச்சட்டத்திலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பழங்குடியினர் என்பதற்குப் பதிலாக வகுப்பினர் என்று தமிழ்நாடு அரசு 1979இல் மாற்றியது. நீண்ட கோரிக்கைக்குப் பின் 2019இல் மத்திய அரசின் சலுகைகளுக்காக மட்டும் பழைய பெயரை மீண்டும் ஏற்றது. சட்டம் போன இரண்டாம் ஆண்டிலேயே, 1949இல், பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் அந்த ஊர்களில் வந்து தங்கினார். 1957இல் வெளிவந்த அவருடைய நூல் பிரமலைக் கள்ளர்களின் பங்காளி முறை, கோயில் உரிமை, திருமணம், உழவு ஆகியவற்றை விரிவாக எழுதியது. குற்றத்தை மட்டும் பார்த்த நூல்களுக்குப் பிறகு, வாழ்க்கையைப் பார்த்த முதல் பெரிய நூல் அது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் நாவலும் (2008) வேல ராமமூர்த்தியின் குற்றப் பரம்பரை நாவலும் இந்த நினைவைத் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தன.

இன்றைய உளவியல் இருண்ட குணம் என்று எதைச் சொல்கிறது என்பதை இங்கே வைத்துப் பார்க்கலாம். கனடாவின் டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும் 2002இல் மூன்று குணங்களை ஒரு தொகுப்பாக முன்வைத்தார்கள்: தன்னையே பெரிதாக நினைக்கும் நார்சிசிசம், பிறரைக் கருவியாக்கும் மாக்கியவெல்லியனிசம், இரக்கமும் குற்றவுணர்வும் குன்றிய சைக்கோபதி. இவை எல்லா மனிதரிடமும் ஏதோ ஓர் அளவில் இருப்பவை. கேள்வித்தாள் மூலம் தனி ஆளிடம் அளக்கப்படுபவை. எந்தக் குலத்துக்கும் உரிய சொத்தாக அவற்றைக் காட்டிய ஆய்வு கிடையாது. அரசியல் பார்வையோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டா என்று தேடியபோது, ஒரு பார்வையோடுதான் தொடர்பு திரும்பத் திரும்பத் தென்பட்டது. சில கூட்டங்கள் மேலேயும் சில கீழேயும் இருப்பதே சரி என்ற அந்த மனப்பான்மையை அளக்கும் முறையை பிராட்டோ, சிடானியஸ் ஆகியோர் 1994இல் அறிமுகப்படுத்தினார்கள். தொடர்பு மிதமானதுதான். உலகம் ஆபத்தானது என்று அஞ்சுவோர் கடும் அதிகாரத்தை நாடுகிறார்கள், உலகம் வலியவன் வாழும் போட்டிக்களம் என்று நினைப்போர் மேல்கீழ் அடுக்கை விரும்புகிறார்கள் என்று நியூசிலாந்தின் ஜான் டக்கிட் 2001இல் விளக்கினார்.

மதுரை ஆவணங்களில் இந்த இரண்டு மனநிலைகளும் தெளிவாகத் தெரிகின்றன. காவல் குலைந்த நாட்டில் மாட்டையும் நகையையும் இழந்தவர்களின் அச்சம் ஒருபுறம். பல்வேறு மக்களை அடுக்கடுக்காக வைத்து ஆள்வதே ஒழுங்கு என்று நம்பிய ஆட்சி மறுபுறம். கள்ளர்களின் உள்மனத்தை யாரும் அளக்கவில்லை. ரேகையை மட்டும் எடுத்தார்கள். அச்சமும் அடுக்கும் சேர்ந்து எழுதியதுதான் அவர்களுக்குக் கிடைத்த குணச் சான்றிதழ். இதை வைத்து அந்த அதிகாரிகளை இருண்ட குணத்தவர் என்று முத்திரையிடுவதும் அதே பிழையைத் திருப்பிச் செய்வதாகும். அவர்களில் பலர் கிணறு வெட்டித் தந்தவர்கள், பள்ளி கட்டியவர்கள்.

மேல்கீழ் என்னும் பார்வை ஓர் இனத்தின் பிறவிக்குணம் அல்ல, நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு உசிலம்பட்டிப் பக்கமே பின்னாளில் சான்றாயிற்று. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் ரேகை பதிய வைக்கப்பட்டவர்களின் வழிவந்த ஆதிக்கச் சாதியார் பத்து ஆண்டுகள் அதை ஏற்க மறுத்தார்கள். பல தேர்தல்களில் யாரையும் மனுச் செய்ய விடவில்லை. மற்ற நேரங்களில் மனுச் செய்தவர்கள் ஜெயித்த கையோடு பதவி விலகினார்கள். தலித் குடும்பங்கள் அச்சத்தில் வாழ்ந்தன. தாங்கள் பட்டதை மறந்தார்கள் என்று இதை எழுதினால் போதாது. அந்த மறுப்பு தலித்துகளுக்கு இழைத்த அநீதி, அதை அப்படித்தான் எழுத வேண்டும். பிறப்பை வைத்து ஒருவரைத் தலைமைக்குத் தகாதவர் என்பதும், பிறப்பை வைத்து ஒருவரைத் திருடர் என்பதும் ஒரே மரத்துக் கிளைகள்.

2006இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று பேசியது. அந்த ஆண்டு அக்டோபரில் தேர்தல் முறையாக நடந்து, வென்ற தலித் தலைவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். 2021 அக்டோபர் 2ஆம் தேதி பாப்பாபட்டிக் கிராம சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.